மோட்டார் சைக்கிளுக்கு மின்கருவிகள் பூட்டுதல்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் தொல்காப்பியமும் நன்னூலும் பயின்று வரும் யாம், மோட்டார் சைக்கிளின் மின்சாரத்தைப்பற்றி எழுதப் புகுந்தது எற்றுக்கு என்று எம் கல்லூரி நண்பர் சிலர் வினவக்கூடும். அவ்வினா முறையானதே. எமக்கு இத்துறையிற் பட்டமும் இல்லை, தொழிற்பயிற்சியும் இல்லை. ஆயினும் எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இதனைக் கற்கும்படி எம்மை நெருக்கிற்று. எம் அறியாமையால் விளைந்த தீங்கு பிறர்க்கு விளையாதிருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னை மாநகரின் தென்பகுதியில் வாழ்வோர் பலர்க்கு மோட்டார் சைக்கிள் உலாப்போவதற்குரிய ஊர்தியன்று, பிழைப்புக்குரிய கருவி. மாலை வேளையில் மயிலாப்பூர் லஸ் முனையிலோ, தியாகராய நகர்ப் பனகல் பூங்காவின் அருகிலோ, அடையாற்றிலோ சிறிது நேரம் நின்று காண்போர், முதுகிற் பெரும்பை சுமந்து, உணவும் பண்டமும் கொண்டு விரையும் இளைஞர் பலரைக் காண்பர். அவர்தம் வண்டியின் கைப்பிடியிற் கைப்பேசி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அவர்க்கு வழி காட்டுவது அது. வேலை கொடுப்பது அது. கூலியைக் கணக்கிடுவதும் அதுவே. அஃது அணைந்துபோயின் அன்றைய ஊதியமும் அதனோடு அணைந்ததாம். ஆதலின் அவர்கள் கைப்பேசிக்கு மின்னேற்றும் சார்ஜர் ஒன்றை வண்டியிலேயே பூட்டிக்கொள்கின்றனர். மழைக்காலத்து இருளுக்கென்று துணைவிளக்குகள் இரண்டு பூட்டுகின்றனர். பேருந்து ஓட்டுநர் செவியில் விழும்படி உரத்த ஹாரன் வைக்கின்றனர். இவையெல்லாம் வாங்குதற்கு அண்ணாசாலையை அடுத்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வரிசை வரிசையாகக் கடைகள் உள்ளன. பழம் பொருள் வேண்டுவோர் புதுப்பேட்டைக்குச் செல்வர். கருவிகள் எளிதிற் கிடைக்கின்றன. அவற்றைப் பூட்டும் முறையை அறிந்தோரே அரியர்.

எம் தமையனாரும் மேற்கூறிய இளைஞருள் ஒருவர். அவர் பிறரிடம் வாங்கிய பழைய வண்டி ஒன்றில் நாள்தோறும் மாலை முதல் நள்ளிரவு வரை மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் தியாகராய நகருக்குமாக உணவு கொண்டு செல்கின்றார். எம் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி அவ்வண்டியின் உழைப்பால் வருவது. ஐப்பசி மாதத்து மழை தொடங்குமுன் அவர் சாலையோரக் கடை ஒன்றில் சார்ஜரும், துணைவிளக்குகள் இரண்டும், உரத்த ஹாரன் இரண்டும் பூட்டிக்கொண்டார். கடையில் இருந்தவர் அரைமணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். முகவிளக்குக்குச் செல்லும் கம்பியின் மேலுறையைச் சீவி, புதிய கருவிகளின் கம்பிகள் அனைத்தையும் அதன்மேல் முறுக்கி, கறுப்பு நாடாவாற் சுற்றிவிட்டார்.

இரண்டு நாட்கழித்து, ஹாரனை நீள அழுத்தியபொழுது வண்டியின் விளக்குகள் எல்லாம் ஒருங்கே அணைந்தன. பியூஸ் என்று வழங்கும் உருகி எரிந்துபோயிருந்தது. புதியது இட்டோம், மறுநாள் அதுவும் எரிந்தது. அக்கடைக்காரரிடம் கேட்டபொழுது, எரிந்த உருகியின் இரு கால்களுக்கும் இடையே செம்புக் கம்பி இழை நான்கைச் சுற்றிவிட்டால் பின் ஒருபொழுதும் தொல்லையில்லை என்றார். அங்ஙனமே சுற்றினோம். சுற்றியவர் தமையனார் அல்லர், யாமே. விளக்குகள் எரிந்தன, ஹாரன் ஒலித்தது. ஓர் அரிய வேலையைச் செய்து முடித்ததாக யாம் மகிழ்ந்தோம்.

பத்து நாட்களுக்குப் பின், மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், தமையனார் அடையாற்றின்மேல் உள்ள திரு.வி.க. பாலத்திற் சென்றுகொண்டிருந்தார். ரப்பர் கருகும் நாற்றம் முதலில் எழுந்தது. பின்னர்ப் பெட்ரோல் தொட்டியின் அடியிலிருந்து புகை வந்தது. அடுத்த நொடியில் முன்விளக்கும் பின்விளக்கும் ஒருங்கே அவிந்தன, எஞ்சினும் நின்றது. பின்னால் வந்த பேருந்து, விளக்கற்று நின்ற வண்டியைக் கண்டு, நான்கு முழ இடைவெளியில் நின்றது. அவர் சாவியைத் திருப்பிவிட்டு, வண்டியை மயிலாப்பூர் வரை தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். அவர் உயிர் பிழைத்தமைக்குக் காரணம் அப்பேருந்து ஓட்டுநரின் விழிப்பே. எம் செம்பு இழை செய்த வேலையோ அவரைக் கொல்வதற்குப் போதுமானது.

வயதில் முதிர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் மறுநாள் அவ்வண்டியைத் திறந்தார். யாம் டார்ச்சு விளக்குப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றோம். உருகியை வெளியே எடுத்தவர், அதனைக் கையில் வைத்துக்கொண்டு, “இதைச் சுற்றியது யார், தம்பி?” என்று கேட்டார். யாம்தாம் என்று ஒப்புக்கொண்டோம். அவர் சினந்திலர். “பியூஸ் போனது கோளாறு அன்று, தம்பி. கோளாறு இருக்கிறதென்று அது நமக்குச் சொல்லிற்று. நீங்கள் சொன்னவன் வாயைக் கட்டிவிட்டீர்கள்” என்றார். அன்று முதல் மூன்று நாட்கள் அவர் செய்த வேலையைக் கண்டும், கேட்டும், பின்னர் நூல்களைப் படித்தும் யாம் அறிந்தவற்றை இனி முறைப்படுத்திக் கூறுவோம்.

மின்சாரத்தின் வரவும் செலவும்

மோட்டார் சைக்கிளில் மின்சாரம் பிறக்கும் இடம் எஞ்சினின் பக்கத்தில் உள்ளது. எஞ்சின் சுழலுங்கால் அதனோடு காந்தமும் சுழலும். அருகில் உள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் எழும். இதனை மெக்கானிக்குகள் மேக்னெட் காயில் என்பர். அம்மின்சாரம் திசை மாறி மாறிப் பாய்வது. அதனை ஒரே திசையிற் பாயச் செய்து, அளவு மிகாமற் காக்கும் கருவி ஒன்று இடையில் உண்டு. அதனைக் கடந்த மின்சாரம், வண்டியின் கருவிகளுக்கு ஊட்டியது போக எஞ்சியதைப் பாட்டரியிற் சேர்க்கின்றது.

பாட்டரியாவது, 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாந்தே என்பார் கண்ட ஈயக்கலத்தின் வழி வந்தது. ஒவ்வொரு கலமும் 2 வோல்டுக்குச் சற்று மிகுதியாகத் தரும். ஆறு கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்ததே நாம் 12 வோல்டுப் பாட்டரி என்பது. நிறைந்திருக்குங்கால் அதன் அளவு 12.6 அல்லது 12.7 வோல்டாக இருக்கும். எஞ்சின் நன்கு ஓடி மின்னேற்றம் நடைபெறுங்கால் 14 வோல்டை ஒட்டி நிற்கும்.

வோல்டு, ஆம்பியர், ஓம் என்னும் சொற்களை ஏரியும் வாய்க்காலும் கொண்டு எளிதில் உணரலாம். ஏரியில் நீர் நிற்கும் உயரம் போன்றது வோல்டு. வாய்க்காலில் ஒரு நொடியில் ஓடும் நீரின் அளவு போன்றது ஆம்பியர். வாய்க்காலின் குறுக்கமும் புதரும் நீரைத் தடுப்பது போன்றது ஓம். இம்மூன்றன் தொடர்பை 1827-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கேயார்க் ஓம் நூல்வாயிலாக விளக்கினார். வோல்டையும் ஆம்பியரையும் பெருக்க வருவது வாட்டு. ஆகவே 12 வோல்டு வண்டியில் 36 வாட்டு விளக்கு எரியின், அதற்கு 3 ஆம்பியர் வேண்டும்.

வண்டியின் மின்சாரம் ஓர் இல்லத்தின் வருவாய் போன்றது. எஞ்சின் ஈட்டுவது மாத வருவாய். பாட்டரியில் உள்ளது சேமிப்பு. செலவு வருவாய்க்கு உட்படின் சேமிப்பு நிலைபெறும். மிகின் சேமிப்புக் கரையும். 120 வாட்டு ஈட்டும் வண்டி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முகவிளக்குக்கு 35 வாட்டு. பின்விளக்குக்கு 5 வாட்டு. தீப்பொறிக்கும் எரிபொருள் செலுத்துவதற்கும் 40 வாட்டு. ஆகச் செலவு 80, மிச்சம் 40. இந்நிலையில் 20 வாட்டு வீதம் துணைவிளக்குகள் இரண்டும், 10 வாட்டுச் சார்ஜர் ஒன்றும் சேர்த்தால் புதிய செலவு 50 வாட்டு. பற்றாக்குறை 10 வாட்டு. அஃதாவது ஏறத்தாழ 0.8 ஆம்பியர். 5 ஆம்பியர்-மணி கொள்ளும் பாட்டரி, நிறைந்த நிலையிலிருந்து தொடங்கினும், ஆறு மணி நேரத்தில் வறண்டுவிடும். இதுவும் எஞ்சின் விரைந்து ஓடும்பொழுது உள்ள கணக்கு. உஸ்மான் சாலை நெரிசலில் எஞ்சின் மெல்லத் துடித்துக்கொண்டு நிற்குங்கால் வருவாய் பெரிதும் குறையும், செலவோ குறையாது.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல், புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்பொழுதெல்லாம் முகவிளக்கும் எரியுமாறு அமைத்தல் கட்டாயம் ஆயிற்று. எனவே பகலில் விளக்கை அணைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்னும் பழைய வழியும் அவ்வண்டிகளுக்கு இல்லை. வேண்டுவோர் துணைவிளக்குகளை எல்.இ.டி. வகையினவாகத் தேர்ந்துகொள்ளலாம், அவை குறைந்த வாட்டில் நிறைந்த ஒளி தருவன.

பழைய புல்லட்டு வண்டிகளில் இந்த வரவு செலவைக் கண்ணாற் காண வழி இருந்தது. 1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும், இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இருந்த என்பீல்டு நிறுவனமும் கூடி ‘என்பீல்டு இந்தியா’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கின. நம் நகரின் வடபால் திருவொற்றியூரில் எழுந்த தொழிற்சாலையில் புல்லட்டு வண்டிகள் உருவாயின. அவ்வண்டியின் முகவிளக்குக் கூட்டின்மேல் ஆம்பியர்மானி ஒன்று பதிந்திருக்கும். வருவாய் மிக்க இடத்து அதன் முள் ஒருபால் சாயும். செலவு மிக்க இடத்து மறுபால் சாயும். ஓட்டுபவர் அதனை நோக்கித் தம் பாட்டரியின் நிலையை அறிந்துகொள்வர். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் அம்மானி இல்லை. ஆகவே புதிய கருவி பூட்டிய பின்னர் மல்டிமீட்டர் ஒன்றால் அளந்து பார்த்தல் நன்று. எல்லாக் கருவிகளும் இயங்க, எஞ்சினும் சிறிது விரைந்து ஓட, பாட்டரியின் முனைகளில் 13.5 வோல்டுக்குக் குறையாதிருப்பின் வருவாய் போதும் என்க. 12.5-க்கும் கீழே இறங்கின், சேமிப்புக் கரைகின்றது என்க.

எம் வண்டியில் நேர்ந்த பிழை

செலவு மிகின் பாட்டரி தீரும், அவ்வளவே. தீப்பிடித்தல் அதனால் நேர்வதன்று. அது கம்பியைப்பற்றிய பிழையால் நேர்வது.

எம் தமையனார் வண்டியில் அனைத்தையும் ஒரே கம்பியின்மேல் ஏற்றியிருந்தனர். அக்கம்பி முகவிளக்குக்கென்றே அமைந்தது. 3 ஆம்பியர் சுமப்பது. அதன்மேல் துணைவிளக்குகள் இரண்டுக்கும் சேர்த்து 3.3 ஆம்பியரும், சார்ஜருக்கு ஏறத்தாழ 1 ஆம்பியரும், ஹாரன் இரண்டுக்கும் 4 ஆம்பியர் வீதம் 8 ஆம்பியரும் ஏறின. கூட்டினால் 15 ஆம்பியருக்குச் சற்று மிகும். பிரேக்கு விளக்கும் எரியுங்கால் 17-ஐ நெருங்கும். அதற்குக் காவலாக இருந்த உருகியோ 10 ஆம்பியர் அளவினது. ஹாரன் நீள ஒலித்தபொழுதெல்லாம் அது எரிந்தது வியப்பன்று. எரியாதிருந்தால் அன்றோ வியப்பு!

கம்பியில் எழும் சூடு, பாயும் ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஆம்பியர் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. ஐந்து மடங்கானால் சூடு இருபத்தைந்து மடங்கு. 3 ஆம்பியர் சுமந்த கம்பியில் 15 ஆம்பியர் சென்றபொழுது, அதன் உறை இருபத்தைந்து மடங்கு சூட்டைத் தாங்க வேண்டியதாயிற்று. உறை நாளும் இளகிற்று. வண்டியின் கழுத்தருகே, கைப்பிடி திரும்புந்தோறும் அக்கம்பி இரும்பில் உராய்ந்தது. நாடா சுற்றிய முறுக்கினுள் மழைநீர் புகுந்தது. இறுதியில் செம்பு வெளிப்பட்டு இரும்புச் சட்டத்தைத் தொட்டது. சட்டம் பாட்டரியின் எதிர்முனையோடு இணைந்தது. ஆகவே மின்சாரம் எந்தக் கருவியையும் கடவாமல் குறுக்குவழியே பாய்ந்தது.

இவ்விடத்தில்தான் உருகியின் அருமை விளங்கும். உருகியினுள் இருப்பது மெல்லிய உலோக இழை. குறித்த அளவுக்கு மிகுந்த மின்சாரம் பாயின் அவ்விழை முதலில் உருகி அற்றுவிடும், கம்பி பிழைக்கும். உருகி இயல்பாக இருந்திருந்தால், குறுக்குவழி ஏற்பட்ட நொடியே அஃது அற்றிருக்கும், புகை எழுந்திராது. எம் செம்பு இழைகளோ பல பத்து ஆம்பியரையும் தாங்கி நின்றன. ஆதலின் உருகவேண்டிய உருகி உருகாமல், உருகக்கூடாத கம்பி உருகிற்று. அதுவும் பெட்ரோல் தொட்டியின் அடியில். அதனோடு பின்னிக்கிடந்த ஏனைக் கம்பிகளும் கருகவே, எஞ்சினும் நின்றது.

பூட்டும் முறை

பெரியவர் செய்த வேலையின் அடிப்படை ஒன்றே: புதிய கருவிக்குப் புதிய வழி, ஒவ்வொரு வழிக்கும் ஒரு காவல். அதனை அவர் பின்வருமாறு நிறைவேற்றினார்.

முதலாவது, கருகிய கம்பிகளை நீக்கி, வண்டியின் பழைய அமைப்பைத் தொழிற்சாலையில் இருந்தபடியே மீட்டார். முகவிளக்குக் கம்பியின்மேல் இருந்த முறுக்கு எல்லாவற்றையும் அவிழ்த்தார். அதற்குரிய 10 ஆம்பியர் உருகியைப் புதிதாக இட்டார்.

இரண்டாவது, புதிய கருவிகளுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பாட்டரியின் நேர்முனையிலிருந்தே தனிக்கம்பியாற் கொணர்ந்தார். பாட்டரியை விட்டு ஒரு சாண் தூரத்திற்குள் அக்கம்பியில் உருகி வைத்தார். ஏன் அத்துணை அருகில் எனின், உருகி தனக்கு அப்பால் உள்ள கம்பியைத்தான் காக்க வல்லது. பாட்டரிக்கும் உருகிக்கும் இடைப்பட்ட கம்பி இரும்பைத் தொடின் அதனைக் காப்பார் இல்லை. ஆகவே அவ்விடைவெளி குறுகியிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, ரிலே என்னும் கருவியை இடையில் வைத்தார். சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறக்கவும் மூடவும் வல்ல கதவு அது. அதற்கு நான்கு கால்கள். அவற்றின்மேல் 30, 85, 86, 87 என்னும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 85, 86 என்பன உள்ளிருக்கும் காந்தச் சுருளின் இரு முனைகள். சாவி திருப்பினால் உயிர்பெறும் கம்பி ஒன்றை 86-இலும், எதிர்முனைக் கம்பியை 85-இலும் இணைப்பர். பாட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பி 30-இற் சேரும். கருவிக்குச் செல்லும் கம்பி 87-இலிருந்து புறப்படும். சாவியைத் திருப்பியவுடன் சுருள் காந்தமாகி 30-ஐயும் 87-ஐயும் இணைக்கும். இதனால் வண்டியின் பழைய கம்பி சுமப்பது ஆம்பியரில் ஐந்திலொரு பங்கு அளவே. ஏனைய சுமை முழுதும் புதிய தடித்த கம்பியின்மேல் நிற்கும்.

ரிலேயினால் வேறொரு பயனும் உண்டு. சார்ஜரை நேரே பாட்டரியோடு இணைப்பின், கைப்பேசி பூட்டாத வேளையிலும் அது சிறிது மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கும். அது 0.02 ஆம்பியரே எனினும், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.5 ஆம்பியர்-மணி ஆகும். 5 ஆம்பியர்-மணிப் பாட்டரி பத்து நாளில் வெறுமையாம். விடுமுறைக்கு ஊருக்குச் சென்று மீள்வோர் பலர் தம் வண்டி இயங்காமை கண்டு வருந்துவதற்கு இது ஒரு காரணம். ரிலே வழியாக இணைத்தால் சாவியை எடுத்தவுடன் சார்ஜரும் உறங்கும்.

நான்காவது, கருவிக்கு ஏற்ற கம்பியும் கம்பிக்கு ஏற்ற உருகியும் தேர்ந்தார். ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பி, ஒரு மீட்டர் நீளத்திற்கு 0.017 ஓம் தடை உடையது; பருமன் பாதியானால் தடை இரட்டிக்கும். ஹாரன் இரண்டுக்கும் 8 ஆம்பியர், போகவும் வரவும் மூன்று மீட்டர் எனக் கொள்வோம். அரைச் சதுர மில்லிமீட்டர்க் கம்பியில் 0.8 வோல்டு வழியிலேயே வீணாகும். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர்க் கம்பியில் 0.27 வோல்டே வீணாகும். வீணானது எங்கே போயிற்று எனின், கம்பியைச் சுடுவதிற் போயிற்று. ஆதலின் ஹாரனுக்கு ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர்க் கம்பியும், விளக்குக்கு ஒரு சதுர மில்லிமீட்டர்க் கம்பியும் இட்டார். உருகியோ, ஹாரனுக்கு 15 ஆம்பியர், விளக்குக்கு 5, சார்ஜருக்கு 3. கருவி உண்பதற்குச் சற்று மேலாகவும், கம்பி தாங்குவதற்குக் கீழாகவும் இருத்தலே உருகியின் இலக்கணம். உருகி எரியுந்தோறும் பெரியதை இட்டுக்கொண்டே போவது, யாம் செம்பு இழை சுற்றியதற்கு ஒப்பாகும்.

ஐந்தாவது, கருவிகளின் எதிர்முனைக் கம்பிகளை வண்டிச் சட்டத்தில் கண்ட இடத்தில் முடுக்காமல், பாட்டரியின் எதிர்முனைக்கே கொண்டுவந்து சேர்த்தார். சட்டத்தின்மேல் உள்ள வண்ணப்பூச்சும் துருவும் மின்சாரத்தைத் தடுக்கும். சாந்தோம், பெசன்ட் நகர் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்றுத் துருவை விரைந்து வளர்க்கும். விளக்கு மங்கி எரிவதற்கும் ஹாரன் கம்மி ஒலிப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இத்துருவே.

ஆறாவது, இணைப்புகளை முறுக்கி நாடா சுற்றாமல், முனைக்குமிழ் இட்டு இடுக்கியால் நெருக்கி, சூட்டினாற் சுருங்கும் குழாயை மேலே போர்த்தினார். கழுத்தருகே கம்பி திரும்புவதற்கு இடங்கொடுத்துச் சிறிது நெகிழ விட்டார். சைலன்சரின் அருகே செல்லாமற் பார்த்துக்கொண்டார். இணைப்புக்கு முன்னே கம்பியைச் சற்றுத் தாழ வளைத்தார். மழைநீர் கம்பி வழியே ஓடி அவ்வளைவின் அடியிற் சொட்டிப்போம், இணைப்பினுட் புகாது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபொழுதும், 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்பொழுதும் நம் பகுதியில் வண்டிகள் பல நீரில் மூழ்கின. நீரில் மூழ்கிய கம்பி வெளியே உலர்ந்ததுபோற் காணினும், உறையினுள்ளே பச்சைக் களிம்பு பற்றி நாளடைவிற் செம்பை அரித்துவிடும். அத்தகைய வண்டியில் புதிய கருவி பூட்டுமுன் பழைய இணைப்புகளைச் சோதித்தல் இன்றியமையாதது.

எச்சரிக்கை சில

வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையை முதலிற் கழற்றுக; முடிந்தபின் அதனையே இறுதியிற் பூட்டுக. கையில் உள்ள திருகுகோல் தவறிச் சட்டத்தைத் தொடினும் தீப்பொறி எழாமைக்கு இதுவே வழி.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த புதிய வண்டிகளில் பெரும்பாலன, எரிபொருளை அளந்து செலுத்தும் சிறு கணினி உடையன. அக்கணினிக்குச் செல்லும் மெல்லிய கம்பிகளை எவ்வாற்றானும் சீவுதல் ஆகாது. அவை சுமை சுமப்பன அல்ல, செய்தி சுமப்பன. சில வண்டிகளில் கைப்பேசிக்குரிய துளையைத் தொழிற்சாலையிலேயே அமைத்துத் தருகின்றனர். அஃது உள்ள இடத்து வேறொன்று பூட்டுதல் வேண்டா.

சட்டத்தையும் மறத்தல் கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிற் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கின்றது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 119-ஆம் விதி, பல சுரம் மாறி ஒலிக்கும் ஹாரன்களை விலக்குகின்றது. எதிரே வருவார் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கைப் பூட்டித் தமக்கு ஒளி தேடுவது, பிறர்க்கு இருளை ஈவதாகும்.

இவ்வளவும் செய்து முடித்தமைக்குப் பெரியவர் வாங்கிய கூலி, முதலில் அரைமணியில் முடித்தவர் வாங்கியதினும் மும்மடங்கு. தமையனார் அதனை முகம் கோணாமற் கொடுத்தார். அந்நாட்களில் இழந்த ஊதியம் அதனினும் பெரிது. பழைய உருகியை, செம்பு இழை சுற்றியபடியே, யாம் கேட்டு வாங்கி எம் மேசைமேல் வைத்திருக்கின்றோம்.

கார்த்திகை மாதத்தில் மீண்டும் ஒரு மழை இரவு. தமையனார் தியாகராய நகர் துரைசாமி சுரங்கப் பாதையை அணுகுங்கால் துணைவிளக்குகள் இரண்டும் அணைந்தன. முகவிளக்கு எரிந்துகொண்டே இருந்தது, பின்விளக்கும் எரிந்தது, கைப்பேசியும் வழி காட்டிற்று. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, 5 ஆம்பியர் உருகி எரிந்திருக்கக் கண்டார். புதியது ஒன்று பையில் இருந்தது. ஆனால் அதனை உடனே இட்டாரல்லர். துணைவிளக்கின் ஸ்விட்சை மூடிவிட்டு, முகவிளக்கின் ஒளியிலேயே அன்றைய வேலையை முடித்து இல்லம் சேர்ந்தார். மறுநாட் காலையில் இருவரும் கம்பியை அடிமுதல் நுனிவரை தடவிப் பார்த்தோம். விளக்கைத் தாங்கும் இரும்புத் தகட்டின் விளிம்பு உறையை அறுத்திருந்தது. அவ்விடத்தைச் செப்பம் செய்து, விளிம்புக்கு ரப்பர் இட்ட பின்னரே புதிய உருகியை வைத்தோம். விளக்குகள் எரிந்தன.